3,330 மீட்டரும் இரண்டு விரல்களும்

திங்கள்

பிரான்ஸில் கிரெனோபிளிலிருந்து புர் துவாசான் வரை பஸ் பள்ளத்தாக்கின் அடியிலேயே சாதுவாக ஓடியது. அங்கிருந்துதான் மலை. ஆல்ப் துயெஸுக்குப் போகும் 13.8 கிலோமீட்டர் சாலையில் 21 கொண்டை ஊசி வளைவுகள். எண்கள் கீழே 21இல் தொடங்கி மேலே 1இல் முடிகின்றன. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ரேஸில் இந்த மலையில் ஜெயித்தவர்களின் பெயர்ப்பலகை ஒவ்வொரு வளைவிலும் இருக்கிறது. 1952இல் டூர் முதன்முதலாக இங்கே ஏறியபோது வென்றவர் ஃபாஸ்டோ காப்பி. ரோடு பைக்காரர்களுக்கு இந்தச் சாலையில் ஒருமுறை ஏறினால்தான் ஜென்மம் சாபல்யம். பஸ் ஜன்னலுக்கு வெளியே நாக்குத் தள்ள ஏறிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வந்திருப்பது இறங்குவதற்கு.

மெகாவலான்ஷ் கேள்விப்படாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1995இல் ஜார்ஜ் எட்வர்ட்ஸ் என்பவர் தொடங்கிய மலைச் சைக்கிள் ரேஸ். பிக் பிளாங் சிகரத்தில், சுமார் 3,330 மீட்டர் உயரத்தில், பனிமேல் நிறுத்தி வைப்பார்கள். முடிவுக்கோடு அலெமோன் கிராமத்தில், 720 மீட்டரில். நடுவில் உள்ள 2,600 மீட்டர் உயரத்தையும் பனி, பாறை, புல், காடு என்று ஒரே மூச்சில் இறங்க வேண்டும்.

எண்டூரோ என்பது மலைச் சைக்கிள் ரேஸில் ஒரு வகை. வழக்கமான எண்டூரோவில் ஆட்களை ஒவ்வொருவராக அனுப்புவார்கள். இறக்கங்களுக்கு மட்டும்தான் கடிகாரம் ஓடும். அடுத்த இறக்கம் வரை ஏறிப் போவதற்கு ஒரு கெடு கொடுத்திருப்பார்கள், அதற்குள் போய்ச் சேர்ந்தால் போதும். 2013இல் தொடங்கிய எண்டூரோ வேர்ல்ட் சீரிஸும் இப்படித்தான் நடந்தது. இங்கே அந்த மரியாதை எல்லாம் கிடையாது. நூற்றுக்கணக்கானவர்கள் வரிசை கட்டி நிற்பார்கள், கயிறு மேலே போகும், எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். பைக் மட்டும்தான் எண்டூரோ பைக்.

ஊரில் கேட்டவர்கள் எல்லாரும் கேட்டது காலைப் பற்றி. "தொடைக்கு ஜிம் போறியா? எவ்வளவு ஸ்குவாட்?" போகிறேன்தான். ஆனால் இந்த ரேஸில் முதலில் கைவிடுவது கைதான். இறங்கிக்கொண்டே இருக்கும் நேரம் முழுக்க பிரேக் மேல் இரண்டு ஆள்காட்டி விரல்கள், கைப்பிடியைச் சுற்றி மிச்ச எட்டு. முன்கைத் தசை இறுகியே இருந்தால் ரத்தம் உள்ளே போகும், அதே வேகத்தில் வெளியே வராது. கை வீங்கிக் கல்லாகிவிடும். ஆர்ம் பம்ப் என்பார்கள். அது வந்தபின் விரலுக்கு மூளை சொல்வது கேட்காது; பிரேக்கைப் பிடிக்கவும் முடியாது, பிடித்ததை விடவும் முடியாது. இரண்டாவதுதான் எனக்குப் பயம்.

அதனால் இந்த வாரம் முழுக்க என் வேலை ஒன்றே ஒன்று: கையை மிச்சம் பிடிப்பது.

செவ்வாய்

என்னோடு வந்திருக்கும் அண்ணன் கூடப் பிறந்தவர் இல்லை, பழக்கத்தில் வந்த அண்ணன். ரேஸ் ஓட்டவில்லை. ரிப்பேர் பார்ப்பதும் என்னைத் திட்டுவதும் அவர் இலாகா. காலையில் எழுந்து பார்த்தால் தங்கியிருக்கும் இடத்தின் சைக்கிள் அறையில் என் பைக் தலைகீழாகக் கிடந்தது.

"பின்னாடி பிரேக் பேடைப் பாத்தியா தம்பி? ரெசின் போட்டு வச்சிருக்கே. ஊர்ல ஓட்டறதுக்கு அது சரி. இங்க பாதி வழியில சூட்டுல வழவழன்னு கண்ணாடி ஆயிடும்."

மெட்டல் பேட் பையில் இருந்தது. மாற்றினோம். சத்தம் போடும், ஈரத்தில் முதல் பிடியில் கொஞ்சம் யோசிக்கும், ஆனால் சூட்டைத் தாங்கும். பேட் கவ்வும் தகடு, அதாவது ரோட்டர், முன்னால் 220 மில்லிமீட்டர், பின்னால் 203.

சூடு சூடு என்கிறோமே, எவ்வளவு என்று நேற்று ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். நானும் பைக்கும் கவசமும் சேர்ந்து 95 கிலோ. 2,600 மீட்டர் இறங்கினால் வெளியாகும் ஆற்றல் ஏறக்குறைய 24 லட்சம் ஜூல். எதிர்க்காற்றும் டயரின் உராய்வும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். பெரும்பங்கு பிரேக் வழியாகத்தான் போயாக வேண்டும். அத்தனையையும் ஒரு பாத்திரத்துக்கு அடியில் காட்டினால் ஏழு லிட்டர் பச்சைத்தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். அந்த ஏழு லிட்டர் கொதியும் உள்ளங்கை அகலத் தகடு இரண்டுக்குள் இறங்குகிறது.

டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. காற்றிலிருக்கும் ஈரத்தை அது மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் 155 டிகிரி தாங்கினாலே தர விதிப்படி பாஸ். கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் பிரேக் லீவர் கைப்பிடி வரை காலியாகப் போகும். ஊரிலேயே புது ஆயில் மாற்றித்தான் வந்தோம். ஆனாலும் அண்ணன் சிரிஞ்சை வைத்து ஒருமுறை உறிஞ்சிப் பார்த்தார். ஊசிமுனை அளவு குமிழி ஒன்று வந்தது. அதைக் காட்டி அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

அடுத்து லீவர். அரை நாள் இதற்கே போனது, போனதில் வருத்தமில்லை. பலரும் லீவரைக் கைப்பிடியோடு ஒட்டிப் பூட்டிவிடுவார்கள். அப்போது விரல் லீவரின் நடுவில் விழும். லீவரைப் பூட்டும் கிளாம்ப்பை ஒரு விரற்கடை உள்ளே தள்ளினால் விரல் முனை வளைவில் உட்காரும். நெம்புகோலின் நுனியில் தள்ளுவதற்கும் நடுவில் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். பிடிப்பு தொடங்கும் இடத்தையும் கைப்பிடிக்குக் கொஞ்சம் அருகே கொண்டுவந்தோம். விரல் நன்றாக மடங்கியிருக்கும்போதுதான் அதற்கு பலம். நீட்டிப் பிடித்தால் சீக்கிரம் செத்துவிடும். கடைசியாகக் கோணம். சமதளத்தில் வசதியாக இருக்கும் லீவர் செங்குத்தில் மணிக்கட்டை உடைக்கும், அதனால் கொஞ்சம் மேல்நோக்கித் தூக்கி வைத்தோம். ஒவ்வொரு திருப்புக்கும் அண்ணன் பைக்கின் பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இப்ப இறங்கறே, இப்ப பிடி" என்பார். நான் சுவரைப் பார்த்து இறங்குவேன். வாசலில் போன டச்சுக்காரர்கள் இருவர் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்கள்.

டயர் காற்று விஷயத்தில் ஒரு ருசிகரம். நாங்கள் தங்கியிருக்கும் ஆல்ப் துயெஸ் 1,860 மீட்டரில் இருக்கிறது. இங்கே அடித்த காற்றோடு சிகரத்துக்குப் போனால், வெளிக்காற்றழுத்தம் குறைவதால் கேஜில் சுமார் 2 பிஎஸ்ஐ கூடக் காட்ட வேண்டும். ஆனால் மேலே 15 டிகிரி குளிர் அதிகம் என்றால், அந்தக் குளிரே ஏறக்குறைய அதே 2 பிஎஸ்ஐயைத் தின்றுவிடும். கூடுதலும் கழித்தலும் சரியாகப் போய்விடுகிறது. முன்னால் 22, பின்னால் 25 என்று வைத்து மறந்துவிட்டேன். முன் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷனான ஃபோர்க்கின் கதை வேறு. உள்ளே எண்ணெய் குளிர்ந்து கெட்டியாகிவிடுவதால் அமுங்கியது திரும்பி வர நேரமெடுக்கும். அதற்காக அந்தத் திரும்பும் வேகத்தை, ரீபௌண்டை, ஒரு கிளிக் வேகமாக்கினோம். ஃபோர்க் சரியாகத் திரும்பாவிட்டால் அடுத்த அடி எங்கே போகும்? கைக்குத்தான்.

புதன்

பிக் பிளாங்குக்கு முதல் கேபிள் காரில். பெட்டிக்குள் பைக்குகளை முன் சக்கரம் மேலே தூக்கி நிறுத்தி, ஆட்கள் அதற்கிடையில் செருகிக்கொண்டு நிற்கிறார்கள். யாருடைய பெடலோ என் முழங்காலுக்குப் பின்னால். யாரும் பேசவில்லை. முழுமுக ஹெல்மெட் எல்லாருடைய முழங்கையிலும் தொங்குகிறது. முதுகுக் கவசமும் இங்கே கட்டாயம் என்பதால் எல்லார் முதுகும் ஒரே மாதிரி விறைத்திருக்கிறது.

மேலே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். பைக்கைத் தள்ளிக்கொண்டு நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இது வெறும் இளைப்பு என்று நினைத்தால் தப்பு. மூச்சு வாங்கினால் தோள் மேலே போகும், தோள் மேலே போனால் முழங்கை பூட்டிக்கொள்ளும், அப்புறம் ஒவ்வொரு குலுக்கலும் நேராக முன்கைக்கு. வரிசையில் நிற்கும்போதே மூச்சை வெளியே நீளமாக விட்டுப் பழகுகிறேன்.

கீழே தெரிவது சாரென் பனியாறு. இல்லை, அதில் மிச்சமிருப்பது. 1949 முதல் விஞ்ஞானிகள் வருடாவருடம் இதை அளந்து வந்தார்கள். உலகிலேயே நீண்ட காலம் இப்படி அளக்கப்பட்ட பனியாறுகளில் ஒன்று. அளக்க அளக்கக் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. பழைய வீடியோக்களில் அகலமான வெள்ளைச் சரிவில் நூற்றுக்கணக்கானவர்கள் சறுக்கிக்கொண்டு போவதைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது. பனி குறைந்த கோடைகளில் தொடக்கத்தையே மாற்ற வேண்டி வந்திருக்கிறது. இந்த வாரம் சரிவில் பனி இருக்கிறது. நடுநடுவே கருங்கல் துருத்திக்கொண்டிருக்கிறது.

காலையில் அது பனி இல்லை, கண்ணாடி. ராத்திரி உறைந்த தடங்கள் அப்படியே பள்ளமாக நிற்கின்றன. சீட்டை முழுக்க இறக்கி, பின்னால் சாய்ந்து, உள்பக்கக் காலைத் துழாவிக்கொண்டு போகிறேன். முன் பிரேக்கைத் தொட்டால் சக்கரம் காணாமல் போகும். பின் பிரேக்கைத் தொட்டால் வால் முன்னே வரும். ஆகப் பிரேக்குக்கு இங்கே வேலையே இல்லை. வேலையே இல்லாத இடத்தில்தான் விரல்கள் உயிரைப் பிடிப்பதுபோல் பிடிக்கின்றன! குளிர் ஒரு காரணம், பயம் ஒரு காரணம். பனி முடிந்து பாறை தொடங்கும் இடத்தில் நின்று கையுறையைக் கழற்றிப் பார்த்தேன். விரல்களின் கணுக்கள் வெளுத்திருந்தன. 2,600 மீட்டரில் சில நூறு மீட்டர்கூட இறங்கியிருக்க மாட்டேன், அதற்குள் முன்கையில் கடுப்பு.

மறுபடி மேலே போனேன். இந்தமுறை ஒரே ஒரு வேலை: பனி முழுக்க கைப்பிடியை உள்ளங்கையால் மட்டும் தள்ளுவது, ஆள்காட்டி விரல்கள் லீவருக்கு வெளியே நீட்டியபடி. பைக் ஆடட்டும். ஆடியது. ஒருமுறை கவிழ்ந்தேன், பைக் எனக்கு முன்னால் சறுக்கிப் போய் நின்றது, எழுந்து போய் எடுத்துக்கொண்டேன். பனியில் விழுவது அவ்வளவுதான். கல்லில் விழுவதோடு ஒப்பிட்டால் பனியில் விழுவது சும்மா.

எந்தப் பெடல் என்று ஒருவர் கேட்டிருந்தார்: ஷூவைப் பூட்டிக்கொள்ளாத ஃப்ளாட்தான். கிளிப் பெடல்காரர்கள் பலர் ஷூவுக்கடியில் பனி அடைத்துக்கொண்டு அதைப் பெடலில் தட்டிக்கொண்டு நிற்கிறார்கள். சாம் ஹில் 2017, 18, 19 என்று தொடர்ந்து எண்டூரோ வேர்ல்ட் சீரிஸ் பட்டம் வாங்கியது ஃப்ளாட் பெடலில்தான். எனக்கும் அவருக்கும் உள்ள ஒரே ஒற்றுமை இதுதான், விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வியாழன்

மேலே பலத்த காற்று. சிகரத்துக் கேபிள் கார் நின்றுவிட்டது. ஊர் முழுக்கப் புலம்பல். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், ஏனென்றால் கீழ்ப்பாதியை நடந்து பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

மேல்பாதிதான் போட்டோவில் வரும். ரேஸ் தீர்மானமாவது காட்டில். வேர், கூர்மையான வளைவு, வளைவுக்குள் வேர், அதன்மேல் பொடிமண். அதற்குள் நுழையும்போதே கை பாதி போயிருக்கும். அதனால் நான் இன்று தேடியது வேகமான லைன், அதாவது சக்கரம் போகும் தடம், அல்ல, கையை இறக்கி வைக்க இடம்.

அண்ணனும் நானும் மேலிருந்து நடந்தோம். எங்கே பாதை கொஞ்சம் நிமிர்கிறதோ, எங்கே பிரேக் இல்லாமல் நாலு வினாடி ஓடுமோ, அங்கெல்லாம் அடையாளம் வைத்துக்கொண்டேன். பட்டை உரிந்த ஃபிர் மரம்: இங்கே இடது கையை உதறலாம். சாய்ந்த வேலிக்கம்பம்: வலது. ஓடைக்கு முன் புல்வெளி: இரண்டையும் தளர்த்தி விரல்களை மூடித் திறக்கலாம். "பொண்ணு பாக்கப் போற வீட்டுக்கு வழி கேக்கற மாதிரி குறிச்சிக்கிறியேடா" என்று அண்ணன் கிண்டலடித்தார். பிறகு அவரே நான் கவனிக்காத ஓர் இடத்தைக் காட்டினார்: உட்சரிவாக வெட்டிய வளைவு. அதில் பிரேக்கை முன்னாலேயே முழுசாக அடித்து முடித்துவிட்டால் வளைவு முழுக்க விரல் சும்மா இருக்கலாம்.

இது எல்லா வளைவுக்கும் பொருந்தும். பயந்தவன் லீவரை லேசாக இழுத்துப் பிடித்தபடியே முழுதும் இறங்குவான். பத்திரமாகத் தோன்றும். தகடு ஆறவே ஆறாது, தசை ஆறவே ஆறாது, டயரும் பிடிப்பை பிரேக்குக்கும் திரும்புவதற்கும் பங்குபோட்டுத் தவிக்கும். நேரான பாதையில் ஓங்கிப் பிடித்து, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். எழுதுவது சுலபம்.

ஒரு வளைவில் நரைத்த தாடிக்காரர் ஒருவர் பைக்கைப் புதரில் சாய்த்துவிட்டு ஒரே ஒரு வேரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் போகும்போது பார்த்தார், கீழே வேறு இடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஏறி வரும்போதும் அதே வேர். ஷூ நுனியால் ஒருமுறை அழுத்தினார். தலையாட்டினார். புதரிலிருந்து பைக்கை எடுத்துக்கொண்டு, அந்த வேருக்கு இரண்டு முழம் மேலே சரிவில் ஏறி வேரைத் தொடாமலே இறங்கிப் போய்விட்டார். அந்த லைன் என் கண்ணில் பட்டதே இல்லை. இப்போது அது என் லைனும்தான்.

நடுவில் ஓர் ஏற்றம் வருகிறது. எல்லாரும் சபிக்கும் ஏற்றம். எண்டூரோ பைக்கை அதில் மிதிப்பது கொடுமை. மற்றவர்கள் அங்கே மூச்சைப் பிடித்து ஆட்களை முந்தப் பார்ப்பார்கள். என் திட்டம் வேறு. சீட்டில் உட்கார்ந்து, விரல்களைத் திறந்து, உள்ளங்கையைக் கைப்பிடிமேல் வெறுமனே வைத்து மிதிப்பேன். நாலு பேர் முந்தினால் முந்தட்டும், காட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

அலெமோனிலிருந்து ஓஸ் வரை 2020 கடைசியில் திறந்த கேபிள் கார், அங்கிருந்து இன்னொன்று. ஜம்மென்று உட்கார்ந்து மேலே வந்து சேர்ந்தோம்.

வெள்ளி

தகுதிச் சுற்று. 2,800 மீட்டரில் இருக்கும் டோம் தே ரூஸிலிருந்து 1,250 மீட்டரில் இருக்கும் வோஜனி வரை. இதில் வரும் இடத்தைப் பொறுத்துத்தான் ஞாயிற்றுக்கிழமை எந்த வரிசை என்பது. பின்வரிசை கிடைத்தால் பனியில் முன்னால் விழுபவர்கள் எல்லாரும் உங்கள் தலைவலி.

நீளமாக எழுத உடம்பில் தெம்பில்லை. கிளம்பியதும் கல்லும் புழுதியும். முன்னால் போனவரின் பின் சக்கரம்கூடத் தெரியவில்லை, சக்கர ஹப்புகளின் கிறுகிறு சத்தம் மட்டும் நாலாபக்கமும். முதல் இறுக்கமான வளைவில் ஏழெட்டு பேர் ஒருவர்மேல் ஒருவர். வெளிப்பக்கமாகச் சுற்றிப் போனேன். பாறைப் பகுதியில் ஒருவர் டயரிலிருந்து, ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றும் சீலன்ட் பீய்ச்சி அடித்து என் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள்.

கை? பாதிவரை அபாரம். வோஜனிக்கு மேலே இருக்கும் புல்சரிவில் வலது கை இறுகத் தொடங்கியது. அங்கே அடையாளம் வைத்த மரமெல்லாம் இல்லை. பத்து வினாடி வேகத்தைக் குறைத்துக் கையை உதறினேன், இரண்டு பேர் முந்தினார்கள். அதில் ஒருவரைக் கடைசி இறக்கத்தில் பிடித்துவிட்டேன். அவர் இழுத்துப் பிடித்தபடியே போய்க்கொண்டிருந்தார், பிரேக் ஓலமிட்டது; பேட் கருகும் வாடை ஹெல்மெட்டுக்குள் வரை வந்தது.

நடு வரிசை கிடைத்திருக்கிறது. அண்ணன் கேட்ட முதல் கேள்வி நேரம் அல்ல. "கையைக் காட்டு" என்றார். விரல்களை மூடித் திறந்து காட்டினேன். இரண்டு முன்கையையும் அமுக்கிப் பார்த்துவிட்டு, "வலது இன்னும் கல்லா இருக்கு. நைட்டு போனை நோண்டிட்டு இருக்காம படு" என்றார்.

சனி

ஓட்டவில்லை. பின்பக்கம் புது பேட் போட்டு, ஊருக்குள் ஒரு சரிவில் வேகமாகப் போய்ப் பிடித்து விட்டு, போய்ப் பிடித்து விட்டு, பேட் ரோட்டரில் படியும்வரை பழக்கினேன். முழுசாக நிற்கவிடாமல் பிடிக்க வேண்டும். சூட்டோடு நிறுத்தினால் ஒரே இடத்தில் படிந்து அப்புறம் துடிக்கும். செயின், ஸ்போக், பின் டயரில் ஆணி மாதிரி ஏதாவது குத்தியிருக்கிறதா என்று அண்ணன் பார்த்தார். நம்பர் பிளேட்டை பிரேக் ஹோஸில் உரசாதபடி கட்டினோம்.

காலையில் மேலே போனபின் கிளம்பும்வரை குளிரில் நீண்ட நேரம் நிற்க வேண்டும். மெல்லிய கையுறைக்கு மேல் பெரிய கம்பளிக் கையுறை, அதற்கு மேல் ஜாக்கெட். இரண்டையும் கடைசி நிமிஷத்தில் அண்ணன் வாங்கிக்கொண்டு கேபிள் காரில் இறங்கிவிடுவார். பனியில் விரல் வெளியே. பாறையில் ஓங்கிப் பிடித்து விடுவது. ஏற்றத்தில் உள்ளங்கை திறந்து. காட்டில் பட்டை உரிந்த மரம், வேலிக்கம்பம், ஓடை, தாடிக்காரரின் வேர்.

அலாரம் 4:30க்கு. ரிசல்ட் திங்கட்கிழமை எழுதுகிறேன், டைப் அடிக்க விரல்கள் ஒத்துழைத்தால்.